உறையாத எண்ணெய்

கிண்ணியா
2024 டிசம்பர் 8

அன்புள்ள சப்ரினா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் இரண்டு பிள்ளைகளும் என் கையை விடுவதில்லை. சின்னவள் இப்போதுதான் கண்ணை மூடினாள். அர்ஷாக்குக்கு இருமல். ஒரு கையை அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நம்மூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உங்கள் கூடப்பிறந்த காக்கா, என் மனிசன், கட்டிக்கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு, கடலில் மவுத்தாகிப்போன மாப்பிள்ளையின் உம்மாவோடு போய் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்த கையோடு நீங்கள் மூதூர் பஸ்ஸில் ஏறியபோது அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கு விளங்கியது. உங்கள் காக்காவுக்கும் விளங்கியது. அதைப்பற்றி எழுத வரவில்லை. ஒரு உதவி கேட்க வந்தேன்.

கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் சட்டத்தரணி கடிதம் அனுப்பியிருக்கிறார். சோலரில் ஓடுகிற தோணி மோட்டருக்கு மேலே எண்ணெய்ப் போத்தல் பூட்டி, கடல்தண்ணீர் உள்ளே போனால் அந்தப் போத்தலே காட்டிக்கொடுக்கும் முறைக்கு அவர்கள் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், எடுத்துவிட்டார்களாம். இனி உங்கள் காக்கா ஒரு மோட்டரும் செய்யக்கூடாதாம். இதுவரை செய்து கொடுத்தவற்றைக் கழற்ற வேண்டுமாம். அதே கடிதத்தின் பிரதி மீனவர் சங்கங்களுக்கும் போயிருக்கிறது.

அந்தப் போத்தல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும், மச்சி. அது அர்ஷாக்கின் பால் போத்தல். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணியெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்த வருடம். உங்கள் காக்கா பழைய மின்சார சைக்கிள் மோட்டரைத் தோணிக்குப் பூட்டுவார், உப்புத்தண்ணீர் அதைத் தின்னும், திரும்பவும் பூட்டுவார். கம்பஸில் படித்த பௌதிகம் அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. "உள்ளுக்கு எண்ணெய நிரப்பி, மேலுக்கு ஒரு போத்தல்ல கொஞ்சம் வைங்க. எண்ணெய் வெளிய தள்ளும், தண்ணி உள்ள வராது. வந்தாலும் எண்ணெய் கலங்கி வெள்ளையாகும், கண்ணால காணலாம்" என்றேன். உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லி, அழுதுகொண்டிருந்த பிள்ளையின் கையிலிருந்து போத்தலைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அப்போதே இதைப் பதிந்து வைப்போம் என்று சொன்னேன். "வெயிலுக்கும் கடலுக்கும் உறுதிப் பத்திரம் எழுதுற ஆளா நான்? செய்யத் தெரிஞ்சவன் செய்யட்டும்" என்றார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொடுத்தார்.

திருகோணமலையில் சட்டத்தரணி குலசிங்கம் ஐயாவைப் பார்த்தோம். கம்பனி விண்ணப்பிப்பதற்கு முன்பே இது ஊரறியப் பாவனையில் இருந்தது என்று காட்டினால் அந்த உரிமையை உடைக்கலாம் என்கிறார். திகதியோடு படம் வேண்டும். உங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் எல்லோரும் தோணியில் மூதூருக்குப் போனோமே, அந்த மோட்டர்தான் அது. அன்று மாப்பிள்ளையைத் தவிர மற்றெல்லாம் பெண்கள் என்று எல்லோருடைய போன்களையும் கூடையில் வாங்கி வைத்தது நான்தான். வீடியோ எடுத்த ஆதிலாவை நம் கண்முன்னே தன் பிரதியை அழிக்கச் செய்ததும் நான்தான். மிச்சமிருப்பது உங்களிடம் உள்ளது மட்டும்.

அதில் முக்காடில்லாமல் உங்கள் முகம் இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை ஹஸ்மி தம்பியும் இருக்கிறார். என்ன கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

உங்கள் மதினி,
பஸ்மியா


மூதூர்
2024 டிசம்பர் 16

மதினிக்கு,

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. வஅலைக்குமுஸ் ஸலாம். மற்றது ஒன்றும் கடமையில்லை.

உங்களுக்கு வீடியோ தேவைப்பட்டதும் என் ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோசம்.

மோட்டர் உங்களுடையது என்று நிரூபிக்க உங்களுக்குச் சட்டத்தரணி இருக்கிறார். அந்த மோட்டர் நடுக்கடலில் ஏன் நின்றது என்று கேட்க எனக்கு யாரும் இருக்கவில்லை. மரண விசாரணையில் காற்று என்று எழுதினார்கள். டிசம்பர் மாதம், குடாவுக்கு வெளியே காற்று, தோணி புரண்டது, முடிந்தது. காற்றுக்குத் தோணியைத் திருப்பிப் பிடிக்க ஒரு மோட்டர் ஓடியிருக்க வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை.

ஜனாஸா வீட்டில் காக்கா என் முன்னால் வந்து நின்று, "என்ர பிழை" என்றார். என்ன பிழை என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை. இத்தாவில் இருந்த காலம் முழுக்க அவர் என் வீட்டு வளவுக்கு வந்து போனார். ஒவ்வொரு நாளும் கேட்டேன். கடைசி நாள் வரைக்கும் அதே கேள்விதான். அந்த வீட்டில் எனக்கு இருக்க ஏலாமல் போனது அதனால்தான். ஊர் என்ன விளங்கிக்கொண்டதோ எனக்குத் தெரியாது.

கம்பனி அந்த மோட்டரைக் கொண்டு போகட்டும். கம்பனியின் மோட்டர் நின்றால் போய்க் கேட்க ஒரு வாசலாவது இருக்கும்.

அந்த வீடியோவை நான் இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அது உள்ள பென்டிரைவை அவர் உடுத்த சாரத்துக்குள் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். பார்க்காத வரைக்கும் அது முடியாமல் கிடக்கிறது. அதை வழக்குக் கோட்டில் போட்டு நாலு கறுப்புக் கோட்டுக்காரர் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவா கேட்கிறீர்கள்?

இங்கே மாமி சுகம். ஜவ்பர் இப்போது தமையனின் இடத்துக்குக் கடலுக்குப் போகிறான். அவனுடையதும் காக்காவின் மோட்டர்தான், பிறகு செய்தது. அவன் திரும்பி வரும்வரை மாமி கரையில் நிற்பா. நான் குசினியில் நிற்பேன்.

பிள்ளையின் இருமலுக்கு ஆடாதோடை அவித்துக் கொடுங்கள்.

சப்ரினா


கிண்ணியா
2024 டிசம்பர் 24

அன்புள்ள மச்சிக்கு,

ஆடாதோடை கொடுத்தேன். இப்போது பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை உங்கள் காக்காவுக்குக் காட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டுச் சின்னவளைக் குளிப்பாட்டப் போனேன். வந்து பார்த்தபோது கடிதம் மடித்து வேறு விதமாக இருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

கம்பனிக்கு வாசல் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாசலை நான் பார்த்தேன். நீங்கள் மூதூர் போன பிறகு, நோன்பும் பெருநாளும் கழிந்துதான் அவர்கள் முதன்முதலில் வந்தார்கள். காலநிலை, தூய சக்தி, வெளிநாட்டு உதவி என்று பதாகை கட்டி, எல்லோருக்கும் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். உங்கள் காக்கா மோட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டினார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஒரு பொடியன் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். பிறகு அவர்கள் அச்சடித்த புத்தகத்தில் அவருடைய கை மட்டும் வந்திருந்தது. கீழே 'உள்ளூர் மீனவர் ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். இவர் மீன் பிடிக்கப் போனதே இல்லை.

அவர்கள் விற்கும் மோட்டரை யாரும் திறக்கக்கூடாது. திறந்தால் பொறுப்பில்லை என்று ஒட்டியிருக்கிறது. பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தோணிக்காரன் அதுவரை என்ன செய்வான் என்று கேட்டால் அதற்கு வாசல் இல்லை.

குலசிங்கம் ஐயா நேற்று இன்னொன்று கேட்டார். போத்தல் இருந்தது என்று காட்டினால் போதாதாம். அது எதற்காக இருக்கிறது என்று அப்போதே யாராவது வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டுமாம். நான் சொன்னேன், மச்சி. தோணியில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வெள்ளையானால் தண்ணீர் போய்விட்டது, உடனே கரைக்குத் திரும்ப வேண்டும் என்று. ஹஸ்மி தம்பி பக்கத்தில்தான் இருந்தார். ஆதிலாவின் வீடியோவில் அந்தச் சத்தம் இருக்க வேண்டும்.

அவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்டால், உங்கள் காக்காமேல் உள்ள கோபமாவது கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தரம் வெட்டினேன். எழுதிவிட்டேன்.

பஸ்மியா


மூதூர்
2025 ஜனவரி 4

மதினிக்கு,

பார்த்தேன். நீங்கள் ஏவிவிட்டபடியே.

மாமி சொந்தக்கார வீட்டுக்குப் போயிருந்தா. ஜவ்பரின் கணினியில் போட்டேன். அவர் தோணியில் ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார். அது எனக்கு மறந்தே போயிருந்தது. நான் வெட்கத்தில் கீழே பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்னை நானே உலுக்க வேண்டும் போல் இருந்தது. அடியே, நிமிர்ந்து அவரைப் பாரடி.

போத்தல் நன்றாகத் தெரிகிறது. ஸாலிஹா சாச்சிதான் முதலில் தொடங்குகிறா. "இதென்ன புதினம்! நேத்துத்தான் நிக்காஹ், இண்டைக்குப் பால் போத்தல் கட்டியாச்சு. மாப்பிள்ளைக்கு அவ்வளவு அவசரமோ?" எல்லோரும் குரவை விடுகிறார்கள். அவர் விடுவாரா? "சாச்சி, மோட்டர் செஞ்ச மச்சான் முன்யோசனைக்காரர். எனக்கென்ன தெரியும்?" என்கிறார்.

பிறகு உங்கள் குரல். "சிரிக்காதீங்க. அதில கிடக்கிறது தேங்காயெண்ணெய். வெள்ளையாகினா கடல்தண்ணி உள்ள போயிட்டு எண்டு அர்த்தம். அதோட கரைக்குத் திரும்பணும்." அவர் மாணவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறார்: "வெள்ளை கண்டா கரை. விளங்கிச்சு, டீச்சர்."

ஓம் மதினி, அவருக்குச் சொல்லப்பட்டது. அவருக்கு விளங்கியும் இருந்தது. சந்தோசமா?

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். அதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் போன அந்தக் காலை, மூன்று நாலு நாள் மழைக்குப் பிறகு, வாடைக் குளிர். பின்வளவுக் கரையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வந்து பாரு, போத்தல் உறைஞ்சு கிடக்கு. எல்லார்ட போத்தலும் இண்டைக்கு இப்பிடித்தான்." நான் குசினியில் அடுப்போரம் தேங்காயெண்ணெய்ப் போத்தலை இளகவைத்துக்கொண்டு நின்றேன், தலைக்கு வைக்க. "நம்மடதும் கல்லு மாதிரித்தான்" என்றேன். அவர் தோணிப் போத்தலை இரண்டு கையாலும் பொத்திச் சூடு காட்டிவிட்டு, "வெயில் வர இளகிடும்" என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போனார்.

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறையும் என்று தெரியாத பெண் நம்மூரில் இருக்கிறாளா? அது வெள்ளையாகத்தான் உறையும். எது குளிரின் வெள்ளை, எது கடலின் வெள்ளை என்று அந்தப் போத்தலைப் பார்த்து யாருக்குச் சொல்ல ஏலும்?

இன்னொன்று. இத்தாவில் இருக்கும்போது ஜன்னலால் பார்த்தேன். கரையொதுங்கிய மோட்டரைக் காக்கா வளவில் வைத்துக் கழற்றினார். நெடுநேரம் அதற்கு முன்னால் குந்தியிருந்தார். பிறகு உள்ளே வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தையல் மெசினடியில் இருந்த என் மெசின் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் செய்த எந்த மோட்டரிலும் தேங்காயெண்ணெய் ஊற்றவில்லை. முன்பு கொடுத்த மோட்டர்களையும் ஒவ்வொன்றாக வாங்கி எண்ணெய் மாற்றினார்.

ஏன் மாற்றினார் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகு வீடியோவைப்பற்றிப் பேசுவோம்.

சப்ரினா


கிண்ணியா
2025 ஜனவரி 12

அன்புள்ள மச்சிக்கு,

கேட்டேன். அர்ஷாக்குக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்தேன். கவளத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

"தண்ணி அடைக்கிற ரப்பர் சீல் தேஞ்சுதான் இருந்திச்சு" என்றார் பிறகு. "தண்ணி போயிருந்திச்சு. போத்தல் சரியாத்தான் காட்டியிருக்கு. ஆனா குளிருக்கு ஊர்ப் போத்தலெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிற நேரத்தில, உண்மை சொல்ற போத்தலை ஆர் நம்புவான்?"

ஏன் தங்கச்சியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "மோட்டரைத் திறந்து பார்த்த அண்டைக்கே சொல்லத்தான் உள்ள வந்தனான். அவள் வெள்ளைச் சீலையோட இருந்தாள். வாய் வரல்ல. எண்ணெய் டப்பாவ எடுத்துக்கொண்டு வந்திட்டன்." ஊருக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன். கவளத்தைப் பிள்ளையின் வாயில் வைத்தார். சொன்னால் யாரும் அந்த மோட்டரைத் தொடமாட்டார்கள் என்ற பயம் எனக்கு விளங்கியது. எண்ணெய் வை என்று சொன்னவள் நான். எந்த எண்ணெய் என்று யோசிக்கவில்லை. இப்படிப்பட்டவளைத்தான் படித்தவள் என்று ஊர் சொல்கிறது.

இன்னும் கேளுங்கள். குலசிங்கம் ஐயா அந்த ஆக்கவுரிமைப் பத்திரம் முழுவதையும் எடுப்பித்து எனக்கு வாசிக்கத் தந்தார். கம்பனி உரிமை கேட்டிருப்பது வெறும் போத்தலுக்கு இல்லை. உறையாத எண்ணெய் நிரப்பிய போத்தலுக்கு. அதில் ஒரு வசனம் இருக்கிறது: 'தாவர எண்ணெய்கள் குளிரில் உறைந்து வெண்மையாவதால் எச்சரிக்கை மறைக்கப்படுகிறது, இக்கண்டுபிடிப்பு அக்குறையை நீக்குகிறது.' அவ்வளவுதான். ஹஸ்மி தம்பியின் மவுத்து அந்த வசனத்துக்குள் இருக்கிறது, பெயரில்லாமல். ஏன் மெசின் எண்ணெய் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் உறையும் என்று இவர் சொல்லியிருக்கிறார். யார் மவுத்தானார் என்று சொல்லவில்லை. உங்களிடம் வராத வாய் அந்நியனிடம் பாதி வந்திருக்கிறது. அதை அவர்கள் ஆங்கிலத்தில் அச்சடித்து, யாரும் வாசிக்கலாம் என்று கொழும்பில் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் யார் வாசிப்பது?

ஐயா இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, தேங்காயெண்ணெயே போதும், கம்பனி புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று வாதாடுவது. அதற்கு வீடியோ வேண்டும். எச்சரிக்கை இருந்தது, மவுத்தானவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்ல வேண்டிவரும். மற்றது, கம்பனி வருவதற்கு முன்பே, நீங்கள் இத்தாவில் இருந்த காலத்திலேயே, இவர் உறையாத எண்ணெய்க்கு மாறிவிட்டார் என்பது. எப்போது மாறினார் என்று திகதியோடு சொல்லக்கூடிய சாட்சி நீங்கள் ஒருவர்தான். இத்தா எப்போது முடிந்தது என்று பள்ளிவாசலுக்கே தெரியும். அதைவிட நல்ல திகதி தேவையில்லை என்கிறார். ஆனால் ஏன் மாறினார் என்று இவர் சத்தியக்கடதாசியில் சொல்ல வேண்டும். "தம்பி, அதைச் சொன்னால் மரண விசாரணையைத் திரும்பத் திறக்கவும் இடமிருக்கு. பிள்ளையள் சின்னன். யோசியுங்கோ" என்றார் ஐயா.

இவர் யோசிக்கவில்லை. "ஹஸ்மில பழியப் போட்டு எனக்கு மோட்டர் வேணாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

நான் யோசித்தேன், மச்சி. பொய் சொல்லமாட்டேன், முதல் வழிதான் நல்லது என்று நினைத்தேன். மவுத்தானவரை இனி யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு 'வெள்ளை கண்டா கரை, விளங்கிச்சு, டீச்சர்' என்று நீங்கள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வீடியோவை நீங்களே வைத்திருங்கள். எனக்கு வேண்டாம்.

ஐயாவின் கந்தோருக்கு வந்து நீங்கள் கண்டதைச் சொல்வீர்களா? சொன்னால் மோட்டர் ஊருக்கு மிஞ்சும். என் மனிசனுக்கு என்ன மிஞ்சும் என்று தெரியாது. அதையும் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

பஸ்மியா


மூதூர்
2025 ஜனவரி 18

மதினிக்கு,

இரண்டு வருடமாக ஒரே ஒரு வசனம்தான் கேட்டேன். அதைக் கம்பனிக்காரன் அச்சடித்த பத்திரத்திலிருந்து எனக்கு நீங்கள் மொழிபெயர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் போடுவேனா என்று இப்போது கேட்க வேண்டாம். முதலில் காக்கா இந்த வாசலுக்கு வரட்டும். அந்நியனுக்குச் சொன்ன பாதியையும், சொல்லாத பாதியையும் மாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பெற்றவளுக்கு முன்னால் வாய் வந்தால் கோட்டிலும் வரும்.

மாமிக்கும் ஜவ்பருக்கும் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றிய பிறகு யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, இனிப் பயமில்லை என்பதால் பொறுத்திருக்கிறேன். இது நான் சொல்ல வேண்டிய கதை இல்லை. அவர் வந்து சொல்ல வேண்டியது.

அவர் வராமல் இனி நீங்கள் எழுத வேண்டாம்.

சப்ரினா


கிண்ணியா
2025 ஜனவரி 22, இரவு

மச்சி,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை நிற்காமல் வாசியுங்கள்.

இன்று இஷாத் தொழுகைக்குப் பிறகு உங்கள் ஊர் மீன் வியாபாரி பக்கீர் நானா இங்கே பற்றரி மாற்ற வந்தார். கம்பனியிடமிருந்து வந்த புதிய கடிதத்தை மூதூர்ச் சங்கத்தில் வாசித்துக் காட்டினார்களாம். "உறையாத எண்ணெய் ஊத்தினாத்தான் வழக்காம். தேங்காயெண்ணெய்க்கு வழக்கில்லையாம். நம்மட பொடியனுகள் விடுவானுகளா? மெசின் எண்ணெயக் கீழ ஊத்திக் கழுவிட்டுப் பழையபடி தேங்காயெண்ணெய்தான். கரையில போய்ப் பாருங்க, போத்தலெல்லாம் பால் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். யார் யார் என்று கேட்டேன். "முதல்ல மாத்தினது உங்கட ஜவ்பர்தான். வழக்குக்கும் பொலிஸுக்கும் அவன்ட உம்மா தாங்கமாட்டாவாம்."

உங்கள் காக்கா கதிரையிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்துப் பக்கீர் நானாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

எண்ணெயை ஏன் மாற்றினோம் என்று இவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால் திரும்ப ஊற்றக்கூடாது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான், குலசிங்கம் ஐயாவையும் கொழும்பில் அந்தப் பத்திரத்தை எழுதியவனையும் சேர்த்தால் ஐந்து. நீங்கள் பயமில்லை என்று பொறுத்திருக்கிறீர்கள். பயம் இருக்கிறது, மச்சி. இந்த மூன்று நாளும் வாடை. என் குசினியில் எண்ணெய் கல்லாகக் கிடக்கிறது. ஜவ்பரின் மோட்டரில் சீல் போட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது என்கிறார் இவர். தேய்ந்திருக்கும், தேயாமலும் இருக்கும். போத்தலைப் பார்த்தால் தெரியாது.

ஜவ்பரின் போன் நிறுத்திக் கிடக்கிறது. பக்கீர் நானாவும் தனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு எடுத்துப் பார்த்தார், அவர்களும் எடுக்கவில்லை. உங்களுடைய நம்பருக்கு நான் எடுத்தால் வராது; அவருடைய போனால் அடித்தும் நீங்கள் எடுக்கவில்லை. இவர் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். இந்தக் கடிதத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். மழைக்கோட்டுப் போடச் சொன்னால் கேட்கவில்லை.

அவருடைய குரலைக் கேட்டால் உங்கள் வீட்டில் கதவு திறக்காது என்று அவருக்குப் பயம். திறந்தாலும் ஜவ்பர் அவர் சொன்னதைக் கேட்பானா? தமையனைக் கடலுக்குக் கொடுத்தவன் எண்ணெயைப்பற்றிச் சொல்ல வந்திருக்கிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். நீங்கள் சொன்னால் கேட்பான். அதனால் இவர் கதவைத் தட்டிவிட்டு இதை அடியால் தள்ளுவார். வாசித்தவுடன் ஜவ்பரை எழுப்புங்கள். விடியச் சுபஹுக்கு அவன் தோணியைத் தள்ளுவதற்கு முன்னால். அந்தக் காலை நீங்கள் குசினியில் கண்டதையும் கேட்டதையும், எனக்கு எழுதியதை, அவனுக்கும் மாமிக்கும் சொல்லுங்கள். மிச்சத்தைச் சொல்ல ஆள் வாசலில் நிற்கிறார். வாய் வருமா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கிறார்.

வழக்கைப்பற்றி இப்போது நான் நினைக்கவில்லை. விடியுமுன் இங்கே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தேங்காயெண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று சொல்லச் சொல்லி பக்கீர் நானாவை அனுப்புகிறேன். கம்பனிக்காரன் வழக்குப் போட்டால் போடட்டும். மெசின் எண்ணெயை ஊற்றச் சொன்னவள் பஸ்மியா என்று என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். நான் தூங்கமாட்டேன். ஜவ்பர் இன்று கடலுக்குப் போகவில்லை என்று ஒரு வரி எழுதி, வாசலில் நிற்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். உடனே பதில் எழுதுங்கள், மச்சி.

பஸ்மியா